அழித்ததை மெல்லும் பெட்டி

விளக்கு வைத்து, ஜெபமாலை சொல்லி முடித்து, ஆக்னஸைத் தொட்டிலில் போட்டுவிட்டு நான் சோற்றுத் தட்டைக் கழுவிக்கொண்டிருந்தபோது முன்னறையிலிருந்து ஒரு சத்தம் வந்தது, பல்லில்லாத யாரோ வாயை மூடாமல், நனைந்த எதையோ மென்று, மென்றதை விழுங்காமல் மறுபடியும் மெல்லுகிற சத்தம். பயத்துக்கு முன்னால் எனக்குக் குமட்டல்தான் வந்தது, ஏனென்றால் எங்கள் கான்வென்ட்டில் எழுத்துக்கும் முன்னால் சொல்லிக்கொடுத்தது வாயை மூடி மெல்லுவதை. மதியச் சாப்பாட்டு வேளையில் சிஸ்டர் பெலார்மினா வரிசைகளுக்கு நடுவே நடந்து, சத்தம் வருகிற வாய்க்கு எதிரே நின்று, அந்த வாய் மூடும்வரை நகரமாட்டார்.

பயம் அதற்குப் பிறகு வந்தது, கதவை நினைத்து. உப்புக்கிடங்குத் தெருவில் எங்கள் வீடு பகலில் ஜெராக்ஸ் கடை, இரவில் வீடு. கதவு திறந்திருந்தால் கடை, சாத்தினால் வீடு, அவ்வளவுதான் வித்தியாசம். அந்தக் கதவுக்குப் பூட்டு உண்டு, அதற்கு இன்னொரு சாவி வீட்டுக்காரர் கஸ்பார் சாரிடமும் உண்டு; தாழ்ப்பாளும் உண்டு, ஆனால் கடல் காற்றில் கதவு ஊறித் தொங்கிவிட்டதால் தாழ்ப்பாள் அதன் குழியில் விழுவதில்லை. என் கணவர் ஹில்லாரி கப்பலுக்குப் போன நாளிலிருந்து நான் கஸ்பார் சாரிடம் கேட்காத வாரமில்லை, அவரும் "தச்சன அனுப்புதேம்மா, அனுப்புதேன்" என்று சொல்லாத வாரமில்லை. தினமும் இரவில் கதவுக்கு நாற்காலியை முட்டுக்கொடுத்து, அதன்மேல் பேப்பர் கட்டுகளை அடுக்கிவைத்துத்தான் படுப்பேன்.

நாற்காலி வைத்த இடத்தில் இருந்தது. சத்தம் கம்ப்யூட்டர் பெட்டிக்குள்ளிருந்து வந்தது.

வரக்கூடாது. அதில் சுற்றுகிற தட்டோ, உரசுகிற ஊசியோ எதுவும் கிடையாது. பழைய ஹார்டு டிஸ்க் கரகரவென்று இழுத்துச் செத்த பிறகு ஹில்லாரி வாங்கிப் போட்டது, ஒரு பிஸ்கட் அளவே உள்ள எஸ்.எஸ்.டி.; காசு கேட்காத லினக்ஸை அதில் ஏற்றி, அது சீக்கிரம் தேயாமலிருக்க என்னென்ன செய்யவேண்டும் என்று பிள்ளைக்கு மருந்து கொடுக்கச் சொல்லிக்கொடுப்பதுபோல் சொல்லிக்கொடுத்துவிட்டுத்தான் போனார். டிஸ்கை முழுக்க நிரப்பாதே, கொஞ்சம் இடம் விட்டுவை. அவ்வப்போது அதன் உடல்நிலையைக் கேட்டுப் பார். யார் எந்த ஃபைலைத் திறந்து பார்த்தார்கள் என்று அது ஒவ்வொரு தடவையும் குறித்துக்கொண்டிருந்தால் வீணாகத் தேயும், அதனால் அந்தக் குறிப்பை நிறுத்திவிட்டேன் என்றார். கடைசியாக ஒன்று சொன்னார், "இது முக்கியம் ஜெரி. நீ ஒண்ண அழிச்சா லினக்ஸ் அதோட பேரத்தான் அடிக்கும். அது செத்துப்போச்சுன்னு டிஸ்குக்குத் தெரியாது. தெரியாம, உயிரோட இருக்குன்னு நெனச்சு அறைக்கு அறை தூக்கிக்கிட்டுத் திரியும். 'டிரிம்' ஓட்டினாத்தான் கீழ போடும்."

அந்த டிரிம் வாரம் பிறந்தால் தானாக ஓடுகிற ஏற்பாடு இருந்தது. அதை நிறுத்தச் சொன்னது தெரு. யாரோ ஒருவருடைய சாதிச் சான்றிதழை நான் சாயங்காலம் வழக்கம்போல் அழித்துவிட, அவர் மறுநாள் வந்து அழ, ஹில்லாரி எப்படியோ மீட்டுக்கொடுக்க, அன்றைக்கு முழுத்தெருவும் வந்து நின்று, இனி அழித்தாலும் அழியாமல் இருக்கட்டும், நாங்கள் மறதிக்காரர்கள் என்று கேட்டுக்கொண்டது. ஹில்லாரி சிரித்துக்கொண்டே டிரிமை நிறுத்தினார். மறுபடி ஓடவிடுவதற்குள் கப்பலிலிருந்து அழைப்பு வந்துவிட்டது.

பெட்டியின் மூடியைக் கழற்றினேன். எஸ்.எஸ்.டி.யின் ஓரத்திலிருந்து, ஆறின கஞ்சியின் ஆடையைப் போல, சாம்பல் நிறத்தில் ஏதோ ஒன்று கசிந்து வழிந்துகொண்டிருந்தது. தொட்டால் வெதுவெதுப்பு, யாருடைய வாயிலிருந்தோ அப்போதுதான் எடுத்ததைப்போல. வாடை என்றால், காயாத துணிப்பைக்குள் மறந்துபோன தயிர்சாத டப்பாவைத் திறந்தால் வருமே, அது. ஃபினாயில் தொட்ட துணியால் துடைத்து, துணியை எரித்து, கையைச் சோப்புப் போட்டு, மறுபடியும் சோப்புப் போட்டு, டிஸ்கின் உடல்நிலையைக் கேட்டேன். நலம் என்றது.

துடைக்கத் துடைக்கக் கசிந்தது. நான் கடைக்கு வருகிறவர்களுக்குத் தெரியாமல் அடியில் ஒரு எவர்சில்வர் தட்டை வைத்தேன், சாயங்காலமானால் தட்டைச் சாக்கடையில் கொட்டினேன், கொட்டும்போது மூச்சைப் பிடித்துக்கொண்டேன், இப்படியே காலம் போயிருக்கும். ஆனால் ஆக்னஸ் தவழத் தொடங்கியிருந்தாள், தவழுகிற பிள்ளைக்குத் தரையில் உள்ளதெல்லாம் வாயில் போடத்தான்.

நான் அவளைப் பிடிக்கும்போது தட்டு நக்கிச் சுத்தமாக இருந்தது. அவள் வாயைச் சுற்றிச் சாம்பல் பூசியிருந்தது. விரலை விட்டு வழித்து, தண்ணீர் கொடுத்து, தலைகீழாகப் பிடித்துத் தட்டி நான் அழுதுகொண்டிருந்தபோதுதான் பக்கத்து வீட்டு ரோஸ்லின் அக்கா, "என்ன பிள்ள, என்னத்த முழுங்கிட்டா?" என்று ஓடிவந்தாள். ஆக்னஸ் அவளைப் பார்த்தாள். அதுவரைக்கும் 'ங்கா' என்றும் 'ப்பூ' என்றும் எச்சில் குமிழியைத் தவிர வேறெதையும் பேசாத என் பிள்ளை, ரோஸ்லின் அக்காவைப் போலவே மூக்கை உறிஞ்சிவிட்டு, தெளிவாகச் சொன்னாள்: "தங்கச்சி, அம்மாவ என்னால இனிமே தூக்கிப் போட்டுக் கழுவ முடியல. ஆண்டவர் சீக்கிரம் கூப்பிட்டாத் தேவலைன்னு இருக்கு."

ரோஸ்லின் அக்கா அப்படியே உட்கார்ந்துவிட்டாள். போன மாதம் வெளிநாட்டில் இருக்கிற தங்கைக்கு அவள் என் கம்ப்யூட்டரில் ஒற்றை விரலால் அடித்து, அடித்ததைப் பார்த்துப் பயந்து, அழித்துவிட்டு, 'அம்மா நலம், உன்னைக் கேட்டார்கள்' என்று அடித்து அனுப்பிய கடிதம் அது.

அவள் பிள்ளையை அடிப்பாள் என்று நினைத்தேன். ஆனால் அழுதாள், பிறகு சிரித்தாள், பிறகு ஆக்னஸின் நாறுகிற வாயில் முத்தம் கொடுத்து, "இத்தன நாளா நெஞ்சில கல்லு மாதிரிக் கெடந்துச்சு. பிள்ள எடுத்துப் போட்டுருச்சு, சம்மனசு," என்றாள். தேவதூதரை எங்கள் பக்கம் அப்படித்தான் சொல்லுவோம்.

அன்று சாயங்காலத்துக்குள் தெருவுக்குத் தெரிந்துவிட்டது. யாரும் ஏன் என்று கேட்கவில்லை, எப்படி என்றும் கேட்கவில்லை. மழை வந்தால் வாளியை எடுத்து வைக்கிறவர்கள்போல ஆளுக்கொரு கிண்ணத்தோடு வந்தார்கள். என் கடையில் மனு எழுதி அழித்தவர்கள், மன்னிப்புக் கேட்டு எழுதி அனுப்பாமல் அழித்தவர்கள், பெயர் போடாமல் திட்டி எழுதி மனம் மாறி அழித்தவர்கள், எல்லாரும் ஆக்னஸின் முன்னால் வந்து உட்கார்ந்தார்கள். அவளும் அவரவர் முகத்தைப் பார்த்து அவரவர் சொல்லைச் சொன்னாள். பங்குச் சாமியார் தீர்த்தத்தோடு வந்தார். ஆக்னஸ் அவரைப் பார்த்து, கண்ணாடியை ஏற்றிவிடுகிற மாதிரி மூக்கைத் தொட்டு, "ஆண்டவரே, இந்தப் பங்குச் சனங்க என் உசுர வாங்குறாங்க, என்னை வேற எங்கயாவது மாத்திருங்க," என்றாள். கூடியிருந்தவர்கள் விழுந்து விழுந்து சிரித்தார்கள். சாமியாரும் வேறு வழியில்லாமல் சிரித்தார். அடுத்த ஞாயிறு பூசைக்கு உட்கார இடமில்லை.

தெருவின் அன்பியக் கூட்டம், பங்குக் குடும்பங்கள் ஒன்றுகூடி ஜெபிக்கிற கூட்டம், அந்த வாரம் என் வீட்டில் நடந்தது. கஸ்பார் சார்தான் தலைவர், ஒவ்வொரு வாக்கியத்துக்கு முன்னாலும் "ஹ்ம்… அதாகப்பட்டது" என்று தொண்டையைச் செருமிக்கொண்டு பேசுகிறவர். பிள்ளை மத்தியானம் தூங்கி எழுந்த பிறகு ஜெபமாலை ஒரு சுற்று, அதற்குப் பிறகுதான் கேட்பது, முதியவர்களுக்கு முன்வரிசை, குளித்துவிட்டு வரவேண்டும். எல்லாம் முறையாகப் பேசி முடிவெடுத்தார்கள்.

"அதாகப்பட்டது, அந்த டிரிம்முங்கிறத இனிமே ஒருநாளும் ஓட்டக்கூடாது, சரியாம்மா?" என்றார் கஸ்பார் சார்.

"பிள்ளைக்கு ஆகாது சார். தட்ட எங்க ஒளிச்சு வச்சாலும் தவழ்ந்து போயி நக்குறா. பால் குடிக்க மாட்டேங்கிறா. கூழும் இறங்கல."

"அதுக்குத்தான் இது இறங்குதுல்லா," என்றாள் ரோஸ்லின் அக்கா. "சத்து இல்லாமயா இந்தப் பேச்சு பேசுது?"

"இன்னொண்ணு," கஸ்பார் சார் குரலைத் தணித்தார். "யார் என்னத்தப் பாத்தாங்கன்னு ஒங்க பெட்டி குறிச்சு வைக்கிறதில்லைன்னு ஹில்லாரி சொன்னானே, நெசந்தான?"

"நெசந்தான் சார்."

"நல்ல பெட்டி," என்றார்.

கடைக்கு முன்னால் பெஞ்சு வந்தது, சுக்குக் காப்பி வந்தது, கடலை வந்தது, கடலைத் தோலை என் தரையெல்லாம் துப்பினார்கள். அழிப்பதற்கென்றே எழுத வந்தார்கள். கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்து, வாயில் வந்ததையெல்லாம் அடித்து, அழித்து, எச்சில் கையால் பொத்தான்களைத் தடவி எழுந்துபோனார்கள். கசிவு கூடியது. மெல்லுகிற சத்தம் இப்போது பகலிலும் கேட்டது, யாருக்கும் அது சத்தமாகவே தெரியவில்லை.

பிறகு தங்கள் சொல் தீர்ந்துபோய், அடுத்தவர் சொல்லைக் கேட்க வந்தார்கள். அவர்கள் முகத்தை நான் எழுதித்தான் ஆகவேண்டும். தலையை முன்னால் நீட்டி, கீழுதடு தொங்கி, வாய் கொஞ்சம் திறந்து, நாக்கின் நுனி தெரிய, என் பிள்ளையின் வாயையே பார்த்துக்கொண்டிருப்பார்கள். அவள் தயங்கினால் தேன் தொட்டு அவள் நாக்கில் தடவுவார்கள், தேன் தொட்ட விரலை எடுத்துத் தங்கள் வாயில் வைத்துச் சப்புவார்கள். ஒருநாள் நான் கொல்லைக்குப் போய் வருவதற்குள் தட்டிலிருந்ததைக் கரண்டியால் வழித்து ஊட்டிக்கொண்டிருந்தார்கள், "ஆ காட்டு, ஆ காட்டு" என்று, எல்லாரும் தங்கள் வாயையும் ஆவென்று திறந்துகொண்டு. நான் சுவரோரம் போய் வாந்தியெடுத்தேன். "ஏட்டி, அடுத்ததும் நிக்கிதா? மாப்பிள்ளதான் கப்பல்ல இருக்காரே," என்று ஒருத்தி கேட்க, பெஞ்சு முழுக்கச் சிரித்தது.

எனக்கு என்ன வேண்டும் என்று யாரும் கேட்கவில்லை, கேட்டிருந்தால் சொல்லியிருப்பேன். என் பிள்ளையின் முதல் சொல் வேண்டும். 'ம்மா'வோ, 'த்தா'வோ, பொருளே இல்லாத ஒரு எச்சில் சத்தமோ, அவளே உண்டாக்கியது ஒன்று. அந்தக் குமிழிச் சத்தங்கள் நின்றே போயிருந்தன. இரவில் தொட்டிலுக்குள்ளிருந்து யாருடைய புருசனோ யாருடைய மாமியாரையோ திட்டுவது மட்டும் கேட்கும். அவள் வாய் தெருவின் எச்சில் துப்புகிற குழி ஆகிவிட்டது, அந்தக் குழிக்குள் என் மகள் எங்கே இருக்கிறாள் என்று எனக்குத் தெரியவில்லை.

ஹில்லாரிக்குப் போன் கிடைத்தபோது சொன்னேன். அலைச்சத்தத்துக்கு நடுவே, "ஓட்டிரு ஜெரி. ஒரு வரிதான்," என்றார்.

"கஸ்பார் சார் வீட்டக் காலி பண்ணச் சொல்லுவாரே."

"பிள்ளைய விடவா வீடு?" என்றார், அதற்குள் இணைப்பு போய்விட்டது. கப்பலில் இருந்துகொண்டு சொல்லுவது சுலபம். நான் அன்றைக்கும் ஓட்டவில்லை. இடுப்பில் பிள்ளையோடு, விழாத தாழ்ப்பாளுக்குப் பின்னால், தெருவையே பகைத்துக்கொண்டு எப்படி இருப்பேன் என்று பயந்தேன்.

இன்று மத்தியானம் வழக்கம்போல் ஜெபமாலை முடிந்தது. ஆக்னஸ் ஜமக்காளத்தில் உட்கார்ந்திருந்தாள். முன்வரிசையில் கஸ்பார் சார், பக்கத்தில் ரோஸ்லின் அக்கா. ஆக்னஸ் யாரையும் பார்க்காமல், கதவைப் பார்த்தாள். பார்த்துவிட்டு, பிள்ளைத் தொண்டையைச் செருமினாள்.

"ஹ்ம்… அதாகப்பட்டது," என்றாள் என் மகள், "புருசன் கடலில் இருக்கிறான். சத்தம் போடுவாளே, கதவைச் சாத்திக்கொள்வாளே என்று நினைக்காதே. அந்தக் கதவின் தாழ்ப்பாள் விழாது. அது விழாமல் பார்த்துக்கொள்வதும் நான்தான்."

அன்பிய அறிக்கை எழுதவேண்டும் என்று சொல்லிச் சாயங்காலங்களில் என் கம்ப்யூட்டரில் தனியாக உட்கார்ந்து எழுதிவிட்டுப் போகிறவர் அந்தத் தெருவில் ஒருவர்தான். அந்தச் செருமலை அறியாதவர் அந்த அறையில் ஒருவர்கூட இல்லை. நான் ஒவ்வொரு முகமாகப் பார்த்தேன். யாராவது எழுந்திருப்பார்கள் என்று பார்த்தேன், காறித் துப்புவார்கள் என்று, என் பிள்ளையைத் தூக்கி என் கையில் கொடுப்பார்கள் என்று. கடலை தின்கிற சத்தம் மட்டும் கொஞ்சம் மெதுவானது. தலைகள் இன்னும் முன்னால் நீண்டன.

"அப்புறம்?" என்றது பின்வரிசை. "அப்புறம் என்ன சொல்லுது?"

ஆக்னஸ் கதவிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. ரோஸ்லின் அக்கா, என் பிரசவத்துக்குக் கைபிடித்து நின்ற ரோஸ்லின் அக்கா, கண்கள் பளபளக்க என் பக்கம் திரும்பினாள். "ஜெரி, பாதியில நிக்கிது பாரு. பிள்ளைக்கு இன்னொரு கரண்டி குடு."

நான் கரண்டியைப் பிடுங்கினேன். பிள்ளையைத் தூக்கினேன். "எல்லாரும் போங்க. கட சாத்தப்போறேன்," என்றேன். அவர்கள் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. சோம்பல் முறித்துக்கொண்டு, நாளைக்குப் பாக்கியைக் கேட்கலாம் என்று பேசிக்கொண்டு போனார்கள். கஸ்பார் சார் கடைசியாக எழுந்தார். வேட்டியைத் தட்டினார்.

"சம்மனசு யார் யாரோ பேசினதச் சொல்லுது, நீங்க மனசில வச்சிக்கிடாதீங்கம்மா," என்றார். கதவின் விளிம்பைத் தடவிப் பார்த்தார், மாட்டுச் சந்தையில் மாட்டைத் தடவுகிற மாதிரி. "தாழ்ப்பாள் பயமா இருக்கு, என்ன? பூச மணி அடிச்ச பெறகு நானே வந்து பாக்குதேன்."

அவர் தலை மறைந்ததும் கதவைச் சாத்திப் பூட்டி, கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்தேன். கறுப்புத் திரையில் அந்த ஒரு வரியை அடித்தேன். பாஸ்வேர்டு கேட்டது. லினக்ஸில் பாஸ்வேர்டு அடிக்கும்போது திரையில் எதுவும் தெரியாது, மற்றவற்றில் விழுவதுபோல் புள்ளிகூட விழாது; அந்த அழுக்குப் பெட்டியில் யாரும் பார்க்கமுடியாத ஒரே சொல் அதுதான். ஆக்னஸ் என்று அடித்தேன். அழித்தவையெல்லாம் அழியட்டும், தெருவின் அத்தனை எச்சிலும் போகட்டும் என்று தட்டினேன்.

திரை அசையவில்லை. மெல்லுகிற சத்தம் உரத்தது. எத்தனையோ காலமாகத் தூக்கித் திரிந்ததை ஒரேயடியாகக் கீழே போடச் சொன்னால் நேரமாகத்தானே செய்யும். நான் பெட்டியைக் கழற்றுகிற ஸ்க்ரூடிரைவரை எடுத்துக்கொண்டு கதவுக்குப் போனேன். கதவைத்தானே எல்லாரும் தூக்கி நிறுத்தவேண்டும் என்றார்கள், தச்சன் வரவேண்டும் என்றார்கள். தொங்கிய கதவு தொங்கியபடியே இருக்கட்டும், தாழ்ப்பாள் விழுகிற குழியைக் கீழே இறக்கினால் போதாதா? நிலையில் பதித்திருந்த இரும்புத் தகட்டின் திருகுகள் துருவேறி முரண்டின. தகடு பெயர்ந்து வந்தபோது அதன் பின்னால், குழிக்குள், யாரோ மடித்துத் திணித்த பழைய அட்டைத் துண்டு இருந்தது. எடுத்து எறிந்தேன். தகட்டை ஒரு விரல் கீழே இறக்கி, புதிய குழியை ஸ்க்ரூடிரைவராலேயே தோண்டினேன். ஊறின மரம் சோளச்சோறு மாதிரிப் பெயர்ந்தது.

பின்னால் ஆக்னஸ் குமட்டினாள். ஓடிப்போய் நெற்றியைப் பிடித்தேன். சாம்பலாய், கயிறு கயிறாய், முடியும் மையும் நகமும் கலந்ததுபோல், அவள் உடம்புக்கு மீறின அளவு வந்தது, என் மடியெல்லாம், கையெல்லாம். நான் முகத்தைத் திருப்பவில்லை. கடைசியில் வெறும் தண்ணீராக, கொஞ்சம் பாலாக வந்தது. அதே நேரம் பெட்டிக்குள் மெல்லுகிற சத்தம் நின்றது, ஒரு பெரிய விழுங்கல்போல. திரையில் இத்தனை ஜி.பி. துடைக்கப்பட்டது என்று ஒரு வரி விழுந்திருந்தது. அதன் கீழே வாரா வாரம் தானாக ஓடுகிற ஏற்பாட்டையும் மறுபடி உயிர்ப்பித்தேன். டிஸ்கின் ஓரத்தைத் தொட்டுப் பார்த்தேன். காய்ந்திருந்தது. சில்லென்றிருந்தது.

ஆக்னஸ் வாயைத் திறந்து என்னைப் பார்த்துக்கொண்டிருந்தாள். வாய் சுத்தமாக, சிவப்பாக, காலியாக இருந்தது. "பேசு," என்றேன். "எதையாவது சொல்லு தங்கம்." ஒன்றும் வரவில்லை. அவளுடையதையும் சேர்த்துத் துடைத்துவிட்டேனோ? கடைசித் திருகை முறுக்கிக்கொண்டே அவள் வாயைத் திரும்பித் திரும்பிப் பார்த்தேன்.

பூசை மணி அடித்தது. அடித்து ஓய்ந்தது. தெருவில் செருப்புச் சத்தம் வந்து, என் வாசலில் நின்றது.

"ஹ்ம்…" என்றது வெளியே.

சாவி பூட்டுக்குள் நுழைந்து, நன்றாகப் பழகின சாவிபோல் சத்தமில்லாமல் திரும்பியது. நான் பிள்ளையை இடுப்பில் இடுக்கிக்கொண்டு, வாந்தி நாறுகிற கையாலேயே தாழ்ப்பாளைப் பிடித்து அழுத்தினேன். அது புதிய குழியைத் தேடி, தொட்டு, முழுவதுமாக உள்ளே இறங்கியது.

டக்.

கதவு வெளியிலிருந்து ஒருமுறை தள்ளப்பட்டது. இன்னொருமுறை. அசையவில்லை.

ஆக்னஸ் தாழ்ப்பாளைப் பார்த்தாள். யாருடைய மூக்கையும் உறிஞ்சாமல், யாருடைய தொண்டையையும் செருமாமல், உதட்டில் ஒரு எச்சில் குமிழி ஊதி, அது உடைய, "த்தக்," என்றாள்.

"ஆமா தங்கம்," என்றேன். "டக்."